ரிட்டர்ன் லோடு



அழைப்பிதழில் என் பேச்சுக்கு 'இணையத்தில் வான்போர்' என்று தலைப்புப் போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்து முன்வரிசையில் நாலைந்து கல்லூரிப் பையன்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த விளையாட்டுகளுக்குள் நான் நுழைந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. இத்தனை வருடத்தில் நான் சுட்டு வீழ்த்திய விமானங்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். நான் ஓட்டியது சண்டை விமானம் அல்ல. வானத்தில் ஓடும் லாரி.

நான் நாமக்கல்காரன். அப்பா லாரி வைத்திருந்தார், பிறகு புக்கிங் ஆபீஸ் வைத்தார். எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால்கூட லோடு, வாடகை, டயர், டீசல் பற்றிய பேச்சுத்தான். அதிலிருந்து தப்பித்து ஸ்பிட்ஃபயர் ஓட்டலாம் என்றுதான் கணினி முன்னால் உட்கார்ந்தேன். விட்டால்தானே!

இந்த விளையாட்டுகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1988இல் அமெரிக்காவில் ஜீனி என்றொரு சேவை இருந்தது. தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியை இணைத்து, மணிக்கணக்குக்குக் காசு கட்ட வேண்டும். அதில் கெஸ்மாய் என்ற நிறுவனம் 'ஏர் வாரியர்' என்ற விளையாட்டை ஓடவிட்டது. முகம் தெரியாத ஆட்கள் ஒரே வானத்தில் ஒருவரை ஒருவர் துரத்தினார்கள். 1995இல் 'வார்பேர்ட்ஸ்' வந்தது. அதை உருவாக்கியவர்களில் சிலர் பிரிந்து டெக்சஸில் தனிக்கடை போட்டு, 2000இல் 'ஏசஸ் ஹை' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது இந்தக் கடைசி வீடுதான். அதனால் பெரும்பாலும் அதை வைத்தே பேசுகிறேன்.

அங்கே மூன்று நாடுகள். பெயர்கள் சதுரங்கத்திலிருந்து எடுத்தவை: பிஷப், நைட், ரூக். நம் கணக்கில் மந்திரி, குதிரை, யானை. எந்த நாட்டுக்காரரும் எந்த விமானத்தையும் எடுக்கலாம். ஜெர்மானிய விமானமும் ஜப்பானிய விமானமும் அமெரிக்க விமானமும் ஒரே கொட்டகையில் நிற்கும். வரைபடம் முழுக்க விமானத்தளங்கள். அடுத்தவன் தளங்களைப் பிடிப்பதுதான் போர்.

எப்படிப் பிடிப்பது என்பதில்தான் அந்த வடிவமைப்பாளர்களின் மூளை இருக்கிறது. நூறு விமானத்தை வீழ்த்தினாலும் தளம் உங்களுக்கு வராது. குண்டு போட்டு ஓடுபாதையைக் கொத்தி எடுத்தாலும் வராது. தளத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் இருக்கும். அதன் கட்டடங்களை இடிக்க வேண்டும். பீரங்கிகளை அடக்க வேண்டும். அப்புறம், பத்துச் சிப்பாய்கள் தரையில் ஓடி, வரைபட அறை என்ற ஒரு சின்னக் கட்டடத்துக்குள் நுழைய வேண்டும். பத்துப் பேர். ஒன்பது பேர் நுழைந்தால் ஒன்றும் நடக்காது. அந்தப் பத்தாவது ஆளின் கால் வாசல்படியைத் தாண்டும்போதுதான் தளம் கைமாறும்.

அந்தப் பத்துப் பேரைக் கொண்டுவருவது சி-47 என்ற போக்குவரத்து விமானம். நம் ஊரில் டகோட்டா என்றால் தெரியும். வீரர்கள் இதற்கு வைத்த பெயர் கூனி பேர்ட். அது ஆல்பட்ராஸ் என்ற கடற்பறவையின் செல்லப்பெயர். விளையாட்டில் அது சுருங்கி 'கூன்' ஆகிவிட்டது. தமிழ்க் காதுக்கு இது வேறு விதமாக ஒலிக்கிறது அல்லவா? தரையில் நிற்கும்போது வாலைத் தாழ்த்தி மூக்கைத் தூக்கி நிற்கும் அந்த வண்டியைப் பார்த்தால், முதுகில் மூட்டை ஏற்றிய கிழவரைப்போலத்தான் இருக்கும். எனக்கு அந்தப் பெயரில் ஆட்சேபணை இருந்ததே இல்லை.

ஒரு கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் நிறைந்துவிட்டது. மேளம் தயார். ஐயர் கெட்டிமேளத்துக்குக் கையைத் தூக்கக் காத்திருக்கிறார். தாலி வைத்திருக்கும் பெட்டியோடு வர வேண்டிய அத்தை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. முப்பது சண்டை விமானங்கள் எதிரித் தளத்தின் மேல் வட்டமிட்டுக்கொண்டு, ஊரை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டு, 'கூன் எங்கே?' என்று கத்தும்போது நிலைமை இதுதான். இதில் முகூர்த்தமும் உண்டு. இடிந்த கட்டடங்கள் குறிப்பிட்ட நேரத்தில் தாமாகவே எழுந்துவிடும். முன்னால் போனால் பீரங்கி தின்றுவிடும். பின்னால் போனால் ஊர் எழுந்து நிற்கும்.

அப்படியென்றால் எல்லோரும் கூன் ஓட்டப் போட்டி போட வேண்டுமே, ஏன் போடுவதில்லை? ஐந்து விமானத்தை வீழ்த்திவிட்டு ஒருவன் பத்திரமாகத் தரையிறங்கினால், அவன் பெயர் எல்லோர் திரையிலும் ஓடும். நாலாபக்கமிருந்தும் சலாம் வரும். லாரிக்காரனுக்கு யார் சலாம் வைக்கிறார்கள்? முப்பது பேரில் இருபத்தொன்பது பேர் 'யாராவது கூன் எடுங்கப்பா' என்று சொல்வார்கள். அந்த 'யாராவது'தான் நான்.

உண்மையைச் சொன்னால், தியாக மனப்பான்மையால் நான் அந்த வேலைக்குப் போகவில்லை. சர்வர் அமெரிக்காவில் இருந்தது. நாமக்கல்லிலிருந்து ஒரு சேதி போய்த் திரும்பக் கால் வினாடிக்கு மேல் ஆகும். சுழன்று சுழன்று அடிக்கும் நாய்ச்சண்டையில் கால் வினாடி என்பது ஒரு யுகம். என் திரையில் நான் சரியாகக் குறிவைத்திருப்பேன், எதிராளி எப்போதோ அந்த இடத்தைவிட்டுப் போயிருப்பான். கூனுக்கு அந்தத் தாமதம் பொருட்டே இல்லை. துப்பாக்கியே இல்லாத வண்டியில் குறி தவற என்ன இருக்கிறது?

நேரமும் ஒத்துவந்தது. அமெரிக்காவில் ராத்திரிச் சாப்பாடு முடிந்து கூட்டம் சேரும் எட்டு மணி, நமக்குக் காலை ஆறரை. அந்த நாட்களில் அந்த நேரத்துக்குச் சில நூறு பேர் உள்ளே இருப்பார்கள். ஒரு தளத்திலிருந்து அடுத்ததற்குப் பெரும்பாலும் இருபத்தைந்து மைல் சொச்சம். மணிக்கு 180 மைல் வேகத்தில் போனால் எட்டு நிமிடத்துக்கு மேல். அடுப்பில் இட்லி வேக ஆகும் நேரம். ஆபீஸுக்குக் கிளம்புமுன் இரண்டு நடை அடித்துவிடலாம்.

ஒரு காலை நடையைச் சொல்கிறேன். படைவீடு இடிக்கப்பட்ட தளத்தில் சிப்பாய் கிடைக்காது. அதனால் இன்னும் ஒரு தளம் தள்ளிப் பின்னாலிருந்து கிளம்பினேன். எல்லோரும் வடக்கேயிருந்து தாக்கிக்கொண்டிருந்தார்கள். நான் கிழக்கே கடலுக்குள் இறங்கி, அலையை ஒட்டிப் பறந்து, ரேடாரில் புள்ளி விழாமல் சுற்றிக்கொண்டு போனேன். நேர்வழியில் போகாதது எங்கள் குலத்தொழில். செக்போஸ்ட் இருக்கும் சாலையில் எந்த டிரைவர் விரும்பிப் போவான்? எல்லோரும் படிக்கும் பொதுச் சேனலில் எதுவும் சொல்லவில்லை. நாடு மாறிக்கொள்ள அனுமதி உண்டு என்பதால், நேற்றுவரை நம்மோடு இருந்தவன் இன்று எதிரிக்கு உளவு சொல்கிறான் என்ற சந்தேகம் அங்கே எப்போதும் புகைந்துகொண்டிருக்கும். பாதி கட்டுக்கதை. இருந்தாலும் வாயைக் கட்டுவதில் நஷ்டமில்லை.

ஒரு சிறு குன்றைத் தாண்டியதும் புகை தெரிந்தது. 'இரண்டு நிமிடம்' என்று மட்டும் எங்கள் குழுவுக்கு எழுதினேன். இந்த இரண்டு நிமிடத்தைத்தான் நீங்கள் அனுபவித்துப் பார்க்க வேண்டும். அதுவரை வளைந்து நெளிந்து ஒளிந்து வந்தவன், இப்போது நேர்கோட்டில், ஒரே உயரத்தில், வேகத்தைக் குறைத்துக்கொண்டு, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு போக வேண்டும். மிகத் தாழ்ந்து போனால் பாராசூட் குடை விரியாது. உயர்ந்து போனால் குடைகள் காற்றில் தொங்கிக்கொண்டே நேரத்தைத் தின்னும். தூரத்தில் ஒரு புள்ளி மூக்கைத் திருப்பியது. அவன் என்னைப் பார்த்துவிட்டான். நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. செய்யக்கூடாததுதான் ஒன்று உண்டு: பயந்து திருப்புவது. திருப்பினால் பத்துப் பேரும் வயலில் விழுவார்கள்.

பொத்தானை அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வெள்ளைக் குடைகள் பின்னால் முளைத்தன. பத்தை எண்ணி முடிப்பதற்குள் இடது இறக்கை தீப்பிடித்தது. நான் விழுந்தேன். திரை எங்கள் தளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத் திரும்பியது. இனிப் படிப்பதற்கு எழுத்துகள் மட்டும்தான். 'ஓடுகிறார்கள்.' 'நாலு உள்ளே.' 'ஏழு.' 'ஒன்பது.' பிறகு ஒன்றுமில்லை. யாரோ ஒருவன் கடைசிச் சிப்பாயை வாசலுக்குச் சில அடி முன்னால் சுட்டுவிட்டிருந்தான். சமையலறையில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. முப்பது பேர் ஒரே ஒரு ஆளுக்காகக் காத்திருந்தார்கள்.

அப்போது, இருபது நிமிடமாக யாரிடமும் சொல்லாமல் காட்டுப்பாதையில் எம்-3 அரைச்சங்கிலி வண்டியில் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு வந்த ஒருவன், ஊர் எல்லையில் கதவைத் திறந்தான். தளம் எங்களுடையதாயிற்று. அவன் யார், எந்த ஊர், எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் நாமக்கல்லில் பிறந்திருக்க வேண்டியவன்.

விளையாட்டில் இது எவ்வளவு நிஜம் என்று கேட்பீர்கள். நிஜ வண்டியைப் பற்றிச் சொன்னால்தான் அது விளங்கும். சி-47இன் தாய் டிசி-3, 1935 டிசம்பர் 17 அன்று கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் முதன்முதலாகப் பறந்தது. ரைட் சகோதரர்கள் பறந்து சரியாக முப்பத்திரண்டு வருடம் கழித்து, அதே தேதியில். பயணிகளுக்காகச் செய்த அந்த வண்டியின் பக்கவாட்டில் பெரிய சரக்குக் கதவு வைத்து, தரையை உறுதிப்படுத்தி, ராணுவம் எடுத்துக்கொண்டதுதான் சி-47. பத்தாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். 95 அடி இறக்கை, ஆளுக்கு 1,200 குதிரைத்திறன் கொண்ட இரண்டு எஞ்சின்கள். துப்பாக்கி கிடையாது. கவசம் கிடையாது. குண்டுபட்டால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் கிடையாது. ஏற்றக்கூடியது ஏறக்குறைய இருபத்தெட்டு சிப்பாய்கள். விளையாட்டில் பத்து என்று வைத்திருப்பது வசதிக்காக.

1944 ஜூன் 5 இரவு, நார்மண்டிக்குக் கிளம்பிய அமெரிக்கப் பாராசூட் வீரர்கள் 13,000 பேருக்கு மேல். ஏற்றிப் போனவை எண்ணூறுக்கும் அதிகமான விமானங்கள். அணி கலையாமல், விளக்கில்லாமல், கும்மிருட்டில் போனவர்கள் கரையைத் தாண்டியதும் மேகத்துக்குள் நுழைந்தார்கள். மேகம் முடிந்ததும் பீரங்கி. அணிகள் சிதறின. பலர் வேகத்தைக் கூட்டினார்கள், திருப்பினார்கள். குதித்தவர்கள் குறித்த இடத்திலிருந்து மைல்கணக்கில் தள்ளி விழுந்தார்கள். பிற்காலத்தில் அந்த ஓட்டுநர்களைக் குறை சொல்லி நிறைய எழுதப்பட்டது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இட்லி வேகும் நேரத்தில், உயிருக்கு எந்தச் சேதமும் இல்லாமல் அந்த இரண்டு நிமிடத்தில் நானே எத்தனை முறை திருப்பியிருக்கிறேன்! அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

கிரீட் தீவு இன்னும் பொருத்தமான உதாரணம். 1941 மே 20 அன்று ஜெர்மானியர்கள் சுமார் 500 யுங்கர்ஸ் 52 விமானங்களில் வந்து குதித்தார்கள். நெளிநெளியான தகரத்தோலும் மூன்று எஞ்சினும் கொண்ட அந்த வண்டிக்கு அவர்களுடைய சிப்பாய்கள் வைத்த பெயர் 'யு அத்தை'. (தாலிப்பெட்டி அத்தையை நான் முன்பே சொல்லிவிட்டேன், இது தற்செயல்.) முதல் நாள் குதித்தவர்களுக்குப் பெருஞ்சேதம். மறுநாள் மாலையில் மாலமே விமானத்தளத்தில், ஓடுபாதையில் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே, அத்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிச் சிப்பாய்களைக் கொட்டின. தீவின் விதி அங்கேதான் திரும்பியது. ஒரு தளம், ஒரு ஓடுபாதை, சரியான நேரத்தில் வந்துசேர்ந்த கால்கள். கற்பனைப் போரில் பத்துப் பேர் ஓட வேண்டும் என்ற விதியைப் படித்தபோது எனக்கு மாலமேதான் நினைவுக்கு வந்தது. ஆனால் மாலமே ஓடுபாதையின் ஓரத்தில் எரிந்து கிடந்த வண்டிகளில் ஆட்கள் இருந்தார்கள்.

வேறு வீடுகளிலும் லாரி உண்டு. 'இல்-2' விளையாட்டின் ஸ்டாலின்கிராட் களத்தில் யு அத்தையை ஓட்டலாம். நானும் சில வாரம் ஓட்டிப் பார்த்தேன். பனி, மந்தமான எஞ்சின். வண்டியின் நடை அற்புதம். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அங்கே சுற்றிவளைக்கப்பட்ட ஜெர்மானியப் படைக்கு நாளொன்றுக்கு 300 டன்னாவது வேண்டும் என்று கணக்குப் போட்டு, சராசரியாக நூறு டன் அளவில்தான் கொண்டுசேர்க்க முடிந்தது, ஏறக்குறைய ஐநூறு விமானங்கள் போயின என்ற வரலாறு தெரிந்த பிறகு, அந்த இருக்கையில் உட்கார மனம் ஒட்டவில்லை. என் பலவீனமாக இருக்கலாம்.

'இரண்டாம் உலகப்போர் ஆன்லைன்' என்ற விளையாட்டு, நார்மண்டியில் படைகள் கரையிறங்கிய நாளை மனதில் வைத்து 2001 ஜூன் 6 அன்று திறக்கப்பட்டது. மேற்கு ஐரோப்பாவைப் பாதி அளவில் அப்படியே வரைந்து வைத்திருக்கிறார்கள். அங்கே பின்னால் உட்காருகிறவை பொம்மைகள் அல்ல. நிஜ ஆட்கள். ஒருவன் ஓஹையோவில், ஒருவன் ஹாலந்தில், தன் தன் வீட்டில் உட்கார்ந்து, என் வண்டியின் சரக்கறையில் பாராசூட் வீரனாகக் காத்திருப்பான். பார்ப்பதற்கு ஜன்னல் வழியே இறக்கை மட்டும்தான். 'இன்னும் எவ்வளவு நேரம்?', 'ஏன் சுற்றிப் போகிறாய்?', 'நாய்க்குச் சோறு வைத்துவிட்டு வருகிறேன்.' பஸ் டிரைவர்களின் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த நாட்களில்தான். ஏசஸ் ஹையில் இறக்கை தீப்பிடித்தால் எரிச்சல் வரும். இங்கே அதே தீயைப் பார்த்து, எழுத்துப்பெட்டியில் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் மௌனமாவார்கள். அதற்கு எரிச்சல் என்று பெயரில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. எழுபது வயதில், காலைக் காபியோடு என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார ஆரம்பித்தார். சண்டை விமானங்களில் அவருக்கு அக்கறையில்லை. 'லோடு எறங்குச்சா?' என்று மட்டும் கேட்பார். ஒரு நாள் பத்துப் பேரையும் இறக்கிவிட்டேன், வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. வழக்கம்போல மூக்கைக் கவிழ்த்துத் தரையில் மோதவிட்டு, அடுத்த நடைக்கு ஓடினேன். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். திரும்பிப் பறக்கும் பத்து நிமிடம் மிச்சம். அப்பா காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன்டா, நல்ல வண்டிய வேணும்னே முட்ட உட்டயா?"

"அது பொம்மை வண்டிப்பா. காசு கிடையாது."

"டிரைவருக்கும் காசு கெடையாதா?"

அன்றிலிருந்து தளம் பிடிபட்டதும் அங்கேயே இறக்கிவிடுவேன். புகைந்துகொண்டிருக்கும் கொட்டகைகளுக்கு நடுவே, குழி விழுந்த ஓடுபாதையில் வால்சக்கரம் தொடும்வரை அப்பா ஸ்டூலைவிட்டு எழமாட்டார். இதனால் என் நாட்டுக்குப் பத்துப் பைசா லாபமில்லை. அப்படிப் பிடித்த தளத்தில் இறங்கி நிற்கும் கூனைப் பார்த்துவிட்டு, ஒருவன் மட்டும் ஒரு முறை எனக்குச் சலாம் எழுதினான்.

பிறகு அவர் கேட்டதுதான் என்னை மாட்டிவிட்ட கேள்வி. "ரிட்டர்ன் லோடு என்ன?" லாரித்தொழிலில் போகிற லோடு டீசலுக்கும் டோலுக்கும் சரியாகிவிடும். வருகிற லோடில்தான் வீடு நடக்கும். இல்லை என்றேன். அந்தப் பத்துப் பேர் என்ன ஆனார்கள் என்றார். உண்மையில், அறைக்குள் நுழைந்ததும் அவர்கள் மறைந்துவிடுகிறார்கள். கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு மட்டும்தான் அந்த விளையாட்டில் வழி இருக்கிறது. கூட்டிவருவதற்கு இல்லை.

நிஜ வண்டிக்கு இருந்தது. 1944 மார்ச்சில் இம்பாலை ஜப்பானியர்கள் சூழ்ந்தபோது, அரக்கானிலிருந்து ஐந்தாம் இந்திய டிவிஷனை, பீரங்கி, கோவேறு கழுதை சகிதம் போக்குவரத்து விமானங்களில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினார்கள். அடுத்த சில மாதங்களுக்கு அரிசியும் குண்டும் டகோட்டாக்களில் உள்ளே போயின. அவை வெறும் வண்டியாகத் திரும்பவில்லை. காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு வந்தன. அந்தச் சரக்கறையின் சுவர்களில் வார் கட்டினால், அடுக்கடுக்காகப் பதினெட்டிலிருந்து இருபத்துநாலு தூக்குப்படுக்கைகள் வரை தொங்கவிடலாம். மூன்று வருடம் கழித்து, 1947 அக்டோபர் 27 காலை, டெல்லியிலிருந்து முதல் சீக்கியப் பட்டாலியனை ஏற்றிக்கொண்டு ஸ்ரீநகரில் இறங்கிய டகோட்டாக்களும் அதே கதவு, அதே தரை கொண்டவைதான்.

இதையெல்லாம் அப்பாவுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். தூக்குப்படுக்கையில் படுத்தவனுக்குக் குலுங்காமல் இருக்க எந்த உயரத்தில் ஓட்டினார்கள் என்று கேட்டார். மலைக்கு மேலே போனால் காற்று மெலியும், காயக்காரனுக்கு மூச்சு முட்டும், தாழ்ந்து போனால் குலுங்கும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவில் ஒருமுறை பிரசவ வலியில் இருந்த பெண்ணை லாரி கேபினில் ஏற்றி இறக்கிய கதையை அவர் சொன்னார். எத்தனையோ தடவை கேட்ட கதைதான். எந்த கியரில் இறக்கினார் என்பதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். செகண்ட். வளைவுக்கு வளைவு பிரேக்கைத் தொடாமல்.

இப்போது ஏசஸ் ஹை அரங்கில் கூட்டம் குறைந்துவிட்டது. சில காலைகளில் எல்லா நாட்டையும் சேர்த்தாலே ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். ஆனாலும் போன வாரம் ஒருவன் கேட்டான், 'கூன் எங்கே?' என்று. எடுத்துக்கொண்டு போனேன். பத்துப் பேரும் நுழைந்தார்கள். இறங்கி, எஞ்சினை அணைத்து, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அந்த வரைபட அறை வாசலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். அப்பா பின்னாலிருந்து, 'ஹாரன் இல்லையா அதுல?' என்றார்.